ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் எந்த உச்சரிப்பைக் கற்பிப்பது?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றைத் தொடங்குபவர் கட்டணம், நேரம், பாடநூல், ஆசிரியர் என எல்லாவற்றையும் யோசித்து முடிவு செய்கிறார். ஆனால் மாணவர் எந்த உச்சரிப்பில் பேசிப் பழக வேண்டும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் முடிவு செய்யாமலே விட்டுவிடுகிறார். அதன் விளைவாக, ஆசிரியர் ‘ஷெட்யூல்’ என்று சொல்லித்தர, கைப்பேசிச் செயலி அதையே ‘ஸ்கெஜூல்’ என்று ஒலிக்க, இரண்டில் எது சரி என்று தெரியாத மாணவர் அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார். இரண்டும் சரி என்பதும், ஒன்று பிரிட்டிஷ் வழக்கு, மற்றொன்று அமெரிக்க வழக்கு என்பதும் அவருக்கு யாரும் சொல்லாத செய்திகள்.

தமிழ்நாட்டில் வகுப்பு நடத்துபவர் முன் உள்ள தெரிவுகள் நான்கு: பிரிட்டிஷ் உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு, படித்த இந்தியர்களின் ஆங்கில உச்சரிப்பு, எந்த நாட்டுச் சாயலையும் குறிவைக்காமல் கேட்பவருக்குப் புரிவதற்கு அவசியமான ஒலிகளை மட்டும் திருத்தும் முறை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கௌரவத்தையோ ரசனையையோ பொறுத்ததன்று. யார் கற்பிக்கப் போகிறார், மாணவர் நாளை யாரிடம் பேசப் போகிறார், அதற்குள் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்ற மூன்றுமே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பு என்று நம் பாடநூல்கள் குறிப்பிடுவது பிரிட்டன் முழுவதும் பேசப்படும் ஒன்றை அல்ல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒலியியல் கற்பித்த டேனியல் ஜோன்ஸ் 1917ல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி, தென் இங்கிலாந்தின் வசதியான குடும்பங்களில் பிறந்து உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்களின் பேச்சையே மாதிரியாகக் கொண்டது. பின்னர் பிபிசி வானொலியின் வழியாக அது உலகெங்கும் பரவியது. இன்று அதை அப்படியே பேசுபவர்கள் பிரிட்டனிலேயே மிகச் சிறுபான்மையினர். பிபிசியிலும் இப்போது ஸ்காட்லாந்துக் குரலும் வட இங்கிலாந்துக் குரலும் சாதாரணமாகக் கேட்கின்றன. ஆனால் நம் கல்லூரிகளின் இளங்கலை ஆங்கில வகுப்பில் ஒலியியல் தாள் இன்னமும் அந்த உச்சரிப்பின் 44 ஒலிகளையே மனப்பாடம் செய்ய வைக்கிறது. குறியீடுகளைத் தவறின்றி எழுதி மதிப்பெண் வாங்குபவர், அந்த ஒலிகளில் பாதியைக்கூட வாயால் சொல்லிப் பார்த்ததில்லை என்பது ஆங்கிலத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்த மாதிரிக்கு உள்ள பெரிய பலம், கருவிகள் நிறைந்திருப்பது. அகராதி, ஒலிப்பதிவு, பயிற்சி நூல் எதற்கும் குறைவில்லை. பலவீனம் தமிழ் நாக்கோடு உரசும் இடத்தில் இருக்கிறது. இந்த உச்சரிப்பில் உயிரொலிக்குப் பின் வரும் ‘ர்’ ஒலிப்பதில்லை. கார் என்பதில் நீண்ட ஆகாரம் மட்டுமே கேட்கும். தமிழ் பேசுபவரோ எழுத்தில் ‘ர்’ இருந்தால் அதை ஒலித்தே பழகியவர். இதைப் பிழை என்று எண்ணி விடவைக்கும்போது ஒரு சிக்கல் முளைக்கிறது. சூடு என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை நாம் ‘ஹாட்’ என்று ஆகாரத்தோடு சொல்கிறோம். இதயத்தை ‘ஹார்ட்’ என்கிறோம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ‘ர்’ மட்டுமே. முதற்சொல்லின் உயிரொலியைத் திருத்தாமல் இரண்டாவதன் ‘ர்’ஐ மட்டும் நீக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அரைகுறையாகக் கற்ற பிரிட்டிஷ் உச்சரிப்பு, திருத்தப்படாத தமிழ்ச் சாயலைவிடப் புரிவதற்குக் கடினமாவது இப்படித்தான். முழுமையாகக் கற்பிக்க நேரமும் அந்த உச்சரிப்பை இயல்பாகப் பேசும் ஆசிரியரும் இருந்தால் மட்டுமே இந்தத் தெரிவுக்குப் பொருள் உண்டு. மாவட்டத் தலைநகர் ஒன்றில் மாலை வகுப்பு நடத்துபவருக்கு அந்த இரண்டும் வாய்ப்பது அரிது.

அமெரிக்க உச்சரிப்பின் மீது இளைஞர்களுக்கு உள்ள ஈர்ப்பு திரைத்தொடர்களிலிருந்தும் யூடியூபிலிருந்தும் வருகிறது. ஒலியியல் நோக்கில் பார்த்தால் இந்த மாதிரி தமிழருக்கு இரண்டு இடங்களில் எதிர்பாராத அளவு அருகில் இருக்கிறது. அமெரிக்கர்கள் எழுத்தில் உள்ள ‘ர்’ஐ எல்லா இடத்திலும் ஒலிக்கிறார்கள், பலர் அதை நாவை மேலே வளைத்து, ஏறக்குறைய நம் ழகரம் போலவே ஒலிக்கிறார்கள். ழகரம் சுத்தமாக வரும் மாணவருக்கு அமெரிக்க ‘ர்’ சொல்லித்தரச் சில நிமிடங்கள் போதும். அதேபோல் நாம் டாக்டர், காலேஜ் என்று ஆகாரமாகச் சொல்வது பிரிட்டிஷ் காதுக்கு விலகித் தெரிந்தாலும் அமெரிக்க உயிரொலிக்கு நெருங்கியே இருக்கிறது. நாம் அமெரிக்காவிடமிருந்து இதைக் கற்கவில்லை என்றாலும் பொருத்தம் பொருத்தம்தான்.

ஆனால் இந்த நெருக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது. இரு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் டகரத்தை அமெரிக்கர்கள் மெலிதாகத் தட்டிவிட்டுச் செல்வதால், எழுத்தாளரைக் குறிக்கும் ‘ரைட்டர்’ என்ற சொல்லும் வாகனத்தை ஓட்டிச் செல்பவரைக் குறிக்கும் ‘ரைடர்’ என்ற சொல்லும் அவர்கள் வாயில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஒலிக்கின்றன. இதைவிட ஆபத்தானது ‘முடியும்’, ‘முடியாது’ என்ற வேறுபாடு. அமெரிக்கர் ‘முடியும்’ என்பதைச் சொல்லும்போது ‘கேன்’ என்பதைச் சுருக்கி ‘க்கன்’ என்று விழுங்கிவிடுகிறார். ‘முடியாது’ என்பதில் ‘கேன்ட்’ என்ற சொல்லின் உயிரொலியை முழுதாக ஒலித்து, இறுதி ‘ட்’டைப் பாதியில் நிறுத்துகிறார். நம்மவர் சுருக்கிப் பேசும் பழக்கம் இல்லாமல் ‘ஐ கேன்’ என்று அழுத்திச் சொன்னால் அமெரிக்கர் காதில் அது மறுப்பாக விழக்கூடும். பிரிட்டிஷ் வழக்கிலும் இந்திய வழக்கிலும் மறுப்பு ‘கான்ட்’ என்று வேறு உயிரொலியோடு வருவதால் இந்தக் குழப்பம் எழுவதில்லை. வேகத்தையும் தாளத்தையும் மாற்றாமல் நாக்கைச் சுழற்றுவதை மட்டும் பழகிய பேச்சு, நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவரை முகம் சுளிக்க வைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பிபிஓ நிறுவனங்களின் அனுபவம் பயன்படும். 2000க்குப் பிறகான ஆண்டுகளில் வாய்ஸ் பிராசஸ் எனப்படும், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசும் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் உச்சரிப்புகளைப் பழக்கிய நிறுவனங்கள் பலவும் நாளடைவில் ‘நியூட்ரல் ஆக்சென்ட்’ என்ற இலக்குக்கு மாறின. அப்படி ஓர் உச்சரிப்பு எந்த ஊரிலும் பேசப்படுவதில்லை. ஆனால் அந்தப் பெயரில் நடைமுறையில் கற்பிக்கப்பட்டவற்றைப் பார்த்தால், நிதானமாகப் பேசுவது, சொல்லின் இறுதி மெய்யை விழுங்காமல் ஒலிப்பது, ‘எம்டிஐ’ என்று அவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் தாய்மொழித் தாக்கத்தில் புரிதலைக் கெடுப்பதை மட்டும் களைவது என்றே இருந்தது. லாப நட்டம் பார்க்கும் தொழிலே போலிச் சாயலை விட்டு அந்தப் பக்கம் நகர்ந்தது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது தெரிவான இந்திய ஆங்கிலத்தைத் ‘திருத்தப்படாத ஆங்கிலம்’ என்று எண்ணுவது தவறு. 1958ல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்டு, இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.கே. பன்சால், இந்தியர்களின் ஆங்கிலம் பிற நாட்டவருக்கு எந்த அளவு புரிகிறது என்பதை ஆராய்ந்து 1969ல் முடிவுகளை வெளியிட்டார். சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவதும், வாக்கியத்தின் அழுத்தமும் தாளமும் மாறிப்போவதும் புரிதலைக் கெடுக்கும் முக்கியக் காரணங்களில் அடங்கும் என்று அந்த ஆய்வு காட்டியது. 1970களில் அதே நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் ‘பொது இந்திய ஆங்கிலம்’ என்ற மாதிரியை வரையறுத்தார்கள். அதில் ஏகார ஓகாரங்கள் நீட்டி ஒரே ஒலியாக வரலாம். பல்லிடுக்கில் காற்றை விட்டு ஒலிக்க வேண்டிய ஒலிகளுக்குப் பதிலாக நம் தகரம் வரலாம். டகரம் நாவை மடித்தே ஒலிக்கலாம். பிராந்திய மொழிகளின் கனத்த சாயல் மட்டும் விலக்கப்படும்.

இந்தத் தெரிவின் ஆகப் பெரிய பலம், ஆசிரியரால் அதை நடிக்காமல் பேசிக்காட்ட முடியும் என்பதுதான். சென்னையிலோ பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ வேலை பார்க்கப் போகும் மாணவரின் மேலதிகாரியும் வாடிக்கையாளரும் பெரும்பாலும் இந்த உச்சரிப்பையே பேசுவார்கள். ஆனால் ‘இந்திய உச்சரிப்பு போதும்’ என்று சொல்லிவிட்டு வகுப்பில் எதையும் திருத்தாமல் விடும் ஆசிரியர்களும் உண்டு. தில்லிக்காரருக்கோ கொல்கத்தாக்காரருக்கோ விளங்காத தமிழ்ப் பழக்கங்கள் இருக்கின்றன. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் தானாகவே மெலித்து ஒலிப்பதால் ‘அங்கிள்’, ‘சிம்பிள்’ போன்ற சொற்களில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய வன்மை போய்விடுகிறது. எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு யகரமும், ஒகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு வகரமும் நுழைந்து, முட்டை ‘யெக்’ ஆகிறது, ‘ஒன்லி’ ‘வொன்லி’ ஆகிறது. இதற்கு நேர்மாறாக, ஆண்டைக் குறிக்கும் ‘இயர்’ என்ற சொல்லில் இருக்க வேண்டிய தொடக்க யகரம் காணாமல் போய் அது காதைக் குறிக்கும் சொல்லாகிறது. சொல்லின் இறுதியில் குற்றியலுகரம் ஒட்டிக்கொண்டு ‘புக்கு’, ‘கப்பு’ என்றாகிறது. இறந்தகால விகுதி ஒரு தனி அசையாகி ‘வொர்க்கெட்’ என்று நீள்கிறது. இவை இந்திய மாதிரியிலும் திருத்தப்பட வேண்டியவையே.

நான்காவது தெரிவு 2000ஆம் ஆண்டில் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் முன்வைத்த ‘லிங்குவா ஃபிராங்கா கோர்’ என்ற கருத்திலிருந்து வருகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் பேசிக்கொள்ளும்போது எங்கே பேச்சு முறிகிறது என்று கவனித்து, அவசியமானவற்றையும் விட்டுவிடத்தக்கவற்றையும் அவர் பிரித்தார். மெய்யொலிகளில் பெரும்பான்மை, குறில் நெடில் வேறுபாடு, சொல்லின் முதலிலும் இடையிலும் வரும் மெய்க்கூட்டங்கள், வாக்கியத்தில் முக்கியச் சொல்லின் மீது விழும் அழுத்தம் ஆகியவை அவசியம் என்றார். ‘திங்க்’, ‘திஸ்’ ஆகியவற்றின் பல்லிடுக்கு ஒலிகள், சொற்களைச் சுருக்கிப் பேசுவது, ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் விழும் அசை ஆகியவற்றை விட்டுவிடலாம் என்றார்.

தமிழருக்கு இந்தப் பட்டியல் ஓரளவு சாதகமானது. குறில் நெடிலை நாம் பிறந்தது முதல் வேறுபடுத்துகிறோம். பல்லிடுக்கு ஒலிக்குப் பதிலாக நாம் பயன்படுத்தும் தகரம் நம் டகரத்திலிருந்து தெளிவாக வேறுபட்டே நிற்பதால் ‘தின்’, ‘டின்’ என்ற இரு சொற்கள் நம் வாயில் கலப்பதில்லை. ஆகவே நாக்கைப் பற்களுக்கு இடையில் நீட்டச் சொல்லி மாணவரைப் பல வகுப்புகள் வாட்டுவது நேரத்தை வீணாக்குவதே. நம் ஊர் வகுப்புகளில் மிக அதிகமாகத் திருத்தப்படுவதும், மிகக் குறைந்த பயன் தருவதும் இந்த ஒலிதான் என்பது என் கருத்து.

அதே பட்டியல் வலியுறுத்தும் வேறொன்றை நாம் அறவே கவனிப்பதில்லை. சொல்லின் தொடக்கத்தில், அழுத்தம் பெறும் அசையில் வரும் ‘ப்’, ‘ட்’, ‘க்’ ஒலிகளை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரு சிறு மூச்சோடு வெளியிடுகிறார்கள். தமிழில் அந்த மூச்சு கிடையாது. மூச்சில்லாத பகரத்தைக் கேட்கும் ஆங்கிலேயர் அதை மெலிந்த ஒலியாகப் பிரித்துவிடுவதால், குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’ அவருக்குக் குப்பைத் தொட்டியாகக் கேட்கிறது. அணியும் ‘கோட்’ ஆட்டைக் குறிக்கும் சொல்லாகிறது. படித்த இந்திய உச்சரிப்பிலும் பொதுவாக இந்த மூச்சு இல்லை. எனவே உள்நாட்டில் பேசப் போகிறவருக்கு இது தேவையில்லை, வெளிநாட்டுக்குச் செல்பவருக்குக் கட்டாயம் தேவை. கற்பிப்பதும் எளிது: உதட்டின் முன் மெல்லிய காகிதத்துண்டைப் பிடித்து, அது அசையும்படி சொல்லப் பழக்கினால் ஓரிரு வகுப்புகளில் வந்துவிடும்.

ஜென்கின்ஸின் பட்டியலை அப்படியே ஏற்க முடியாத இடம் சொல்லழுத்தம். அவர் கவனித்தது தாய்மொழியாளர் அல்லாதவர்களிடையே நடந்த உரையாடல்களை. இங்கிருந்து செவிலியராகச் செல்பவர் பேசப் போவது யார்க்‌ஷயரிலோ மெல்பர்னிலோ படுத்திருக்கும் முதியவரிடம். அந்த முதியவரின் காது, அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை வைத்தே சொல்லை இனங்காண்கிறது. ‘டெவலப்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும், நாமோ முதல் அசையை அழுத்தி இரண்டாவதைத் தேய்க்கிறோம். ‘ஹோட்டல்’, ‘கமிட்டி’ ஆகியவற்றுக்கும் இதே கதைதான். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம் ‘ஃபோட்டோகிராஃபி’ என்றாகும்போது இரண்டாம் அசைக்கும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றாகும்போது மூன்றாம் அசைக்கும் நகர்வதைக் கரும்பலகையில் ஒருமுறை காட்டினால் மாணவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிடும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ என்ற எண்களின் வேறுபாடு அழுத்தத்தையும் ஈற்றசையின் நீளத்தையுமே நம்பியிருக்கிறது. மருந்தின் அளவைச் சொல்லும்போது இது விளையாட்டல்ல. அதனால்தான் எண்ணைச் சொன்ன பின் ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கங்களைத் தனியாகவும் சொல்லப் பழக்குவது நல்லது.

தேர்வுகள் எதை எதிர்பார்க்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் பெற்றோர் பணம் கட்டுவது பெரும்பாலும் அவற்றை மனத்தில் வைத்தே. வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ விரும்புபவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதியில் உச்சரிப்புக்கு மொத்த மதிப்பில் 25 சதவீதம் உண்டு. ஆனால் அங்கே அளக்கப்படுவது புரியும்தன்மையே தவிர, எந்த நாட்டுச் சாயல் என்பதன்று. செவிலியர்களும் மருத்துவர்களும் எழுதும் ஓஇடி தேர்வில் அந்த அளவுகோலின் பெயரே ‘இன்டெலிஜிபிலிட்டி’, அதாவது புரியும்தன்மை. ஐரோப்பிய மொழித்திறன் சட்டகம் 2018ல் தன் உச்சரிப்பு அளவுகோலைத் திருத்தியபோது, தாய்மொழியாளரைப் போலப் பேசுவதை இலக்காகக் கொள்வதைக் கைவிட்டு, புரியும்படி பேசுவதை முன்னிறுத்தியது. கனடாவில் மர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995ல் வெளியிட்ட ஆய்வு, கனத்த அயற்சாயலோடு பேசுபவர்களின் பேச்சுகூட முழுமையாகப் புரியக்கூடும் என்று காட்டியிருந்தது. சாயல் வேறு, புரிதல் வேறு என்று பயிற்சியாளர்கள் இன்று துணிந்து சொல்வதற்கு அது ஓர் அடிப்படை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, மூன்று மாத மாலை வகுப்பு நடத்துபவருக்கு என் பரிந்துரை இதுதான்: ஆசிரியர் பேசுவதற்கும் மாணவர் பேசுவதற்கும் படித்த இந்திய உச்சரிப்பையே அடித்தளமாகக் கொள்ள வேண்டும், அதன்மேல் நான்காவது முறையிலிருந்து தேவைக்கேற்பச் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் முதலில் சொல்லழுத்தம், அடுத்து இறுதி மெய்களும் இறந்தகால விகுதியும், அதன் பிறகு தொடக்கத்தில் நுழையும் யகர வகரங்களும் வல்லினம் மெலிவதும். வெளிநாடு செல்பவருக்கு அந்த மூச்சொலியும், நம் ஒரே வகரத்தில் கலந்துவிடும் ‘வி’, ‘டபிள்யூ’ என்ற இரு ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைப் பிரிப்பதும் கூடுதலாகத் தேவை. அமெரிக்க வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசும் வேலைக்குப் போகிறவருக்கு ‘கேன்’ சுருக்கத்தைத் தனியாகப் பழக்கலாம், அல்லது மறுப்பைச் சொல்லும்போது ‘கேனாட்’ என்று முழுதாகச் சொல்லிவிடும்படி அறிவுறுத்தலாம். இரண்டாவது வழியே எளிது. தினமும் அமெரிக்க ஆங்கிலம் கேட்டு வளர்ந்து, அந்தச் சாயல் தானாக வந்துவிட்ட மாணவரை இந்திய உச்சரிப்புக்குத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லை.

பேசுவதற்கு ஒரே மாதிரி போதும் என்றாலும் கேட்பதற்கு அது போதாது. லீட்ஸ் நகரில் பேருந்தைக் குறிக்கும் சொல் ‘புஸ்’ என்பதற்கு நெருங்கியே ஒலிக்கும். அங்கே வேலைக்குச் சென்ற பிறகு முதல்முறையாக அதைக் கேட்டு விழிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு வகுப்பையாவது ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கத் தென்மாநிலங்கள், நைஜீரியா, சிங்கப்பூர் எனப் பல ஊர்க் குரல்களைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்காகவே ஒதுக்க வேண்டும். அவற்றைப் பின்பற்றிப் பேசச் சொல்லக் கூடாது. பேசுவதற்கும் கேட்பதற்கும் இருவேறு இலக்குகள் வைக்கலாம் என்பதை ஏற்காததால்தான் பல மையங்கள் முதல் இரண்டு தெரிவுகளில் சிக்கிக்கொள்கின்றன.

கரும்பலகையில் எப்படி எழுதிக் காட்டுவது என்பதும் இந்த முடிவோடு சேர்ந்ததே. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பது முதல் வாரத்தில் பயம் போக்க உதவும். ஆனால் வல்லினத்துக்கும் மெலிந்த ஒலிக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பதாலும், அழுத்தத்தைக் காட்ட வழியில்லை என்பதாலும், திருத்த வேண்டிய பிழைகளையே அது பதியவைக்கும். சர்வதேச ஒலிக் குறியீடுகளை முழுதாகக் கற்பிக்க இந்த வகுப்பில் நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. அகராதிச் செயலியில் சொல்லைக் கேட்கவும், அழுத்தக் குறி எந்த அசைக்கு முன் இருக்கிறது என்று பார்க்கவும் பழக்கினால் மாணவர் வகுப்பு முடிந்த பிறகும் தானே திருத்திக்கொள்வார்.

முன்னேற்றத்தை அளப்பதற்கு ஆசிரியரின் காது ஏற்றதன்று; தன் மாணவரின் பேச்சு அவருக்குப் பழகிவிட்டிருக்கும். மாணவர் ஒரு நிமிடம் பேசியதைப் பதிவு செய்து, அவரை அறியாத, தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதச் சொல்ல வேண்டும். எழுத முடியாமல் போன சொற்களே அடுத்த மாதத்துக்கான பாடம். விளம்பரப் பலகையில் ‘அமெரிக்கன் ஆக்சென்ட்’ என்ற சொற்கள் கூட்டத்தை இழுப்பது உண்மைதான், சேர்க்கை குறைந்துவிடுமோ என்ற உரிமையாளரின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் சேர்ந்த அன்று எடுத்த பதிவையும் மூன்றாம் மாத இறுதியில் எடுத்த பதிவையும் பெற்றோர் முன் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால், அவர்கள் கேட்கும் கேள்வி எந்த நாட்டு ஆக்சென்ட் என்பதாக இருக்காது.